எண்ணப்படாத நாட்கள்

பாரதி முகர்ஜி 1996 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அமெரிக்காவோடு சேர்ந்துகொள்ள இரண்டு வழிகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான கட்டுரைத் தொகுப்புகள் பலவற்றில் அது இடம்பெற்றிருக்கிறது. கல்கத்தாவிலிருந்து 1960இலும் 1961இலும் படிக்கப்போன இரண்டு சகோதரிகளின் கதை. இரண்டு வருடத்தில் பட்டத்தோடு திரும்பி, அப்பா பார்த்து வைக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவது என்பதுதான் ஏற்பாடு. இருவருமே திரும்பவில்லை. சகோதரி டெட்ராய்டில் ஓர் இந்திய மாணவரை மணந்து, பாலர் கல்வித் துறையில் பெயர் பெற்று, 36 ஆண்டுகள் கழிந்த பின்னும் கிரீன் கார்டோடு இந்தியக் குடிமகளாகவே இருக்கிறார். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடும் எண்ணம். முகர்ஜியோ கனடிய வேர்கள் கொண்ட எழுத்தாளர் கிளார்க் பிளேசை ஒரு மதிய இடைவேளையில் மணந்துகொண்டு, சாதி, குலம், ஊர் எல்லாவற்றிலிருந்தும் விலகி அமெரிக்கக் குடியுரிமை பெற்றுக்கொண்டவர்.

இந்தக் கட்டுரையை மூன்று முறை படித்திருக்கிறேன். முதல்முறை கல்லூரியில். அப்போது நான் முழுக்க முகர்ஜியின் பக்கம். சேலையையும் ஊர் நினைப்பையும் விடாமல், கிடைக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு எதையும் மாற்றிக்கொள்ளாமல் இருக்கும் சகோதரியைவிட, தன்னையே புரட்டிப் போட்டுக்கொள்ளும் பெண் எனக்குத் துணிச்சல்காரியாகத் தெரிந்தார். இரண்டாம் முறை, ஸ்கார்பரோவில், பர்ஸில் பிஆர் அட்டையோடு படித்தேன். மூன்றாம் முறை படித்தபோது என் பக்கத்தில் அம்மா படுத்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோயிருந்தது. அந்த மூன்றாவது வாசிப்பைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும்.

முகர்ஜி தேர்வை மனத்தின் விஷயமாக வைக்கிறார். ஒருத்தி வந்த இடத்துக்குத் தன்னை முழுசாகக் கொடுத்து மாறுகிறாள், இன்னொருத்தி தன் அடையாளத்தைப் பத்திரப்படுத்திக்கொள்கிறாள். இருவரும் தங்கள் தங்கள் வழியில் நேர்மையானவர்கள். சமநிலையான எழுத்துபோலத்தான் தோன்றும். ஆனால் தராசு முகர்ஜியின் கையில்தான் இருக்கிறது. கட்டுரை எழுத நேர்ந்ததற்கான காரணம் மனம் அல்ல, சட்டம். அந்த ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சட்டம், முறைப்படி குடியேறி வரி கட்டிவந்தும் குடியுரிமை பெறாதிருந்த பலருக்கு உணவு உதவியையும் முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான உதவித்தொகையையும் நிறுத்தியது. சகோதரி கோபப்படுகிறார். ஒழுங்காக வேலை பார்த்தேன், விதியை மீறவில்லை, நடுவில் விதியை மாற்றினால் எப்படி என்பது அவர் கேள்வி. இப்போதைக்கு குடியுரிமை வாங்கிக்கொள்கிறேன், ஊர் திரும்பும்போது இந்தியக் குடியுரிமைக்கு மாறிக்கொள்கிறேன் என்று முடிவெடுக்கிறார். முகர்ஜிக்கு இது கொஞ்சம் கணக்குப் பார்க்கும் புத்தியாகப் படுகிறது. எனக்கு இப்போது அந்தக் கட்டுரையிலேயே அரசைச் சரியாகப் படித்தவர் அந்தச் சகோதரிதான் என்று தோன்றுகிறது. ‘நிரந்தர’ என்ற சொல்லை நம்பி ஏமாந்ததை அவர் உடனே புரிந்துகொண்டார். குடியுரிமையை மழைக்கு எடுக்கும் குடைபோல எடுத்தார். அதில் என்ன குறை?

முகர்ஜிக்கும் இது தெரியாததல்ல. 70களில் கனடாவில் வாழ்ந்தபோது வெள்ளையரல்லாத குடியேறிகள்மேல் அரசும் சமூகமும் திரும்பியதைப் பார்த்துத் தனக்கும் இதே கோபம் வந்ததாக அந்தக் கட்டுரையிலேயே சொல்கிறார். 1980இல் கனடாவைவிட்டுக் கிளம்பியபின், 1981இல் அங்குள்ள இனவெறியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இதைவிடக் காரமானது, என் கணிப்பில் இதைவிட நல்லதும்கூட. ஆனால் 1996இல் தன் கோபத்தைத் தாண்டி வந்துவிட்டவராக, சகோதரியின் கோபத்தைப் பரிவோடு பார்க்கிறார். மேலிருந்து பார்க்கும் பரிவு.

இரண்டு சகோதரிகளும் தாங்களே படித்து, தாங்களே வேலை தேடிக்கொண்டவர்கள். பெற்றோர் விழும்போது யார் விமானம் ஏறுவது என்ற கேள்வி கட்டுரைக்குள் வருவதேயில்லை. அது வந்துவிட்டால் மனம், அடையாளம் என்ற பேச்செல்லாம் ஓரமாகப் போய், நாட்கணக்கு ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அந்தக் கணக்கைச் சொல்கிறது. நிரந்தரவாசியாக இருப்பவர் எந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும் 730 நாட்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். குறைந்தால் நிரந்தரம் பறிபோகலாம். இதைத் தாராளமான விதி என்று சொல்வார்கள். ஜெர்மனியில் பொதுவாக ஆறு மாதம், பிரிட்டனில் தொடர்ந்து இரண்டு ஆண்டு என்று ஒப்பிட்டால் தாராளம்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதன் அடுத்த வரிகள். வெளிநாட்டில் கழித்தாலும் சில நாட்கள் கனடாவில் கழித்த நாட்களாகவே எண்ணப்படும். கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்காக அனுப்பியிருந்தால் எண்ணப்படும். கனடியக் குடிமகனான கணவனோடு கூட இருந்தால் எண்ணப்படும். மனைவி குடிமகளாக இருந்து கணவன் கூடப் போனாலும் அப்படித்தான். சட்டத்தின் எழுத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. ஆனால் அம்மாவின் கட்டிலருகே கழித்த நாள் எண்ணப்படாது. மனிதாபிமான அடிப்படையில் ஓர் அதிகாரி மனது வைத்தால் மன்னிக்கப்படலாம். துணையோடு இருப்பது உரிமை, தாயோடு இருப்பது கருணை மனு.

இதை முதலில் படித்த இரவில் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கணவர் துபாய்க்கு இரண்டு வருடம் போய், நான் அவருக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு அங்கே இருந்திருந்தால், அத்தனை நாளும் நான் கனடாவில் இருந்ததாக அர்த்தம். மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டின் கூடத்தில் அம்மாவின் முதுகில் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தால், நான் எங்கும் இல்லை.

கணவர் குடிமகனாகவும் நான் நிரந்தரவாசியாகவும் இருந்தது தற்செயல் அல்ல. 2012இல் வந்து இறங்கியபோது தாளில் அவர் முதன்மை விண்ணப்பதாரர், நான் உடன் வருபவர். பிறகு அவர் வேலைக்காக அடிக்கடி அமெரிக்கா போக வேண்டியிருந்ததால் அவருக்குக் குடியுரிமை எடுத்தோம். “நீ இந்தியன் பாஸ்போர்ட்டையே வச்சுக்கோ, வீட்டுல ஒருத்தராவது இந்தியரா இருக்கட்டும்” என்றார். மாமனாரும் அதையே சொன்னார். இங்குள்ள பல தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இந்த ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். கணவனுக்கு நீலப் பாஸ்போர்ட், மனைவி வேர். கோலம் போடுவது, பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது ஆகியவற்றோடு தேசத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவள் வேலையில் சேர்ந்துவிடுகிறது. முகர்ஜியின் சகோதரி தானே விரும்பிக் காப்பாற்றிய இந்தியத்தன்மை வேறு, குடும்பத்துக்காக ஒருத்தியின் பேரில் எழுதி வைக்கப்படும் இந்தியத்தன்மை வேறு. எனக்கு அப்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை, பெருமையாகக்கூட இருந்தது.

நிலம் போய்விடும் என்றும் பயமுறுத்தினார்கள். அம்மாவின் பேரில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. குடியுரிமையை விட்டால் அதில் உரிமை போகும் என்று குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அந்நியச் செலாவணி விதிகள் விவசாய நிலத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களையும் ஓசிஐ அட்டைக்காரரையும் ஒரே தட்டில்தான் வைக்கின்றன. இருவராலும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது, வாரிசாக அடையலாம். அம்மா தான செட்டில்மென்ட் எழுதுவதைப் பற்றிப் பேசியபோது நான் இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் இருந்தேன். அப்போதும் அது செல்லாது; உயில் எழுதினால்தான் செல்லும். ஓட்டும் அப்படித்தான். 2010இல் செய்த திருத்தத்தால் வெளிநாடுவாழ் இந்தியர் வாக்காளர் பட்டியலில் சேரலாம், ஆனால் நேரில் வந்து போட வேண்டும். கனடாவிலோ நிரந்தரவாசிக்கு நகரசபைத் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. ஆக, வேர் என்று சொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில் நான் எங்குமே ஓட்டுப் போட்டதில்லை.

பெண்ணுக்குக் குடியுரிமை தேர்ந்துகொள்ளும் பொருளானதே சமீபத்தில்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1946 வரை கனடியப் பெண் அந்நியனை மணந்தால் பொதுவாகத் தன் குடிநிலையை இழந்தாள். 1947 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதை நிறுத்தியது. பிரிட்டனில் இதே வழக்கம் இருந்த காலத்தில்தான் வர்ஜினியா வுல்ஃப் 1938இல் ‘மூன்று கினிகள்’ எழுதினார். பெண்ணிடம் தேசபக்தியைக் கேட்க தேசத்துக்கு என்ன யோக்கியதை என்ற அவருடைய வாதத்துக்குப் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாய்வழியாகவும் இந்தியக் குடியுரிமை உண்டு என்று ஆனது 1992 டிசம்பரில். இலங்கையில் 2003 வரை ஆனது. இன்றைக்கும் ஓசிஐ அட்டையை மணவழியாகப் பெற்ற வெளிநாட்டுப் பெண் விவாகரத்துப் பெற்றால் அட்டை ரத்தாகும். குடியுரிமைச் சட்டம் 7டி பிரிவு. கனடாவும் 2012 அக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல் வரை, ஸ்பான்சர் செய்யப்பட்டு வந்த புது மனைவி இரண்டு ஆண்டு ஸ்பான்சரோடு வாழ்ந்தால்தான் நிரந்தரம் என்று விதி வைத்திருந்தது. அடிபட்டால் விதிவிலக்கு உண்டு. அடிபட்டதை நிரூபிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்துப் பெண் ஒருத்தி அந்த இரண்டு ஆண்டுகளைக் காலண்டரில் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் காலண்டரை நான் பார்த்திருக்கிறேன்.

ஈழத்துத் தோழிகளோடு இதைப் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்கள் வதிவிடம் என்பார்கள், நாங்கள் பிஆர் என்போம். சொல் மட்டுமல்ல, அனுபவமும் வேறு. என் தயக்கத்தைக் கேட்டுவிட்டு ஒருத்தி, “அக்கா, சிட்டிசன் எடுக்கிறதுக்கு யோசிக்கிற ஆக்களை நான் உங்கட பக்கத்திலதான் பாத்திருக்கிறன்” என்றாள். அவள் அகதியாக வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவள். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அப்படிப்பட்டவர் சொந்த நாட்டின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த நாட்டுக்கே போய்வந்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டதாகக் கருதி அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவரலாம். அதோடு நிரந்தர வதிவிடமும் போகும். குடியுரிமை பெற்றுவிட்டவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவளுடைய தாய் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது விண்ணப்பம் இன்னும் முடிந்திருக்கவில்லை. “போனா திரும்பி வர விடமாட்டினமெண்டு லோயர் சொல்லிப்போட்டார்.” செத்த வீட்டை அவள் போனில் பார்த்தாள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்ததால் பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்ததாம்.

முகர்ஜியின் இரண்டு வழிகளில் இவளை எந்த வழியில் சேர்ப்பது? அவள் கனடாவில் கரைய விரும்பியவளும் அல்ல, அடையாளத்தைப் பொத்தி வைத்தவளும் அல்ல. அம்மாவிடம் போய்வரும் பாதையைத் தேடியவள்.

எனக்கு அந்தப் புதிர் விளங்கியது இங்கேதான். நிரந்தர வதிவிடம் என்பது இருக்கவேண்டிய கடமை. குடியுரிமை என்பது விட்டுப்போகும் உரிமை. கனடியக் குடிமகள் பத்து ஆண்டு கனடாப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தாலும் கனடியள்தான். அதோடு ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியாவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அம்மாவோடு கணக்குப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் அம்மாவின் நாட்டுக்கு நான் அந்நியப் பெண்ணாக வேண்டும்.

2018இல் ஏழு மாதம், 2019இல் எட்டு மாதம் அம்மாவோடு இருந்தேன். 2020 ஜனவரியில் விண்ணப்பித்தேன். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கையில் அதைவிடச் சில நூறு நாட்கள் மிச்சம் இருந்தன. இன்னும் இரண்டு முறை அப்படிப் போயிருந்தால் கதவு மூடியிருக்கும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் எழுத வேண்டும். ‘குடும்பம்’ என்று எழுதினேன்.

பெருந்தொற்றால் இழுத்துக்கொண்டு போய் 2021 கோடையில் உறுதிமொழி. வீட்டுச் சமையலறை மேசையில், கணினித் திரைமுன். அரசிக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று, சட்டசபையில் மாமன்னர் வாழ்த்து ஒழிந்துபோன ஒரு நாட்டுப் பெண் வலது கையைத் தூக்கிச் சொன்னேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்கு முன் பிஆர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காமிராவில் காட்டச் சொன்னார்கள். மீன் சுத்தம் செய்யும் கத்தரிதான் கைக்குக் கிடைத்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, மூலையில் வெட்டி முத்திரை குத்தித் திரும்பி வந்தபோதுதான் வந்தது. இந்தியச் சட்டம் 1955இன் 9ஆம் பிரிவுப்படி வேறு குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை அற்றுப்போகிறது. நான் மறுக்கவேண்டியதுகூட இல்லை. சமையலறையில் வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதே முடிந்துவிட்டது.

அதன்பின் ஓசிஐ கையில் வரும்வரை சில மாதங்கள். பழைய பாஸ்போர்ட் செல்லாது, புது அட்டை வரவில்லை. முகர்ஜி எழுதும் உருமாற்றம் என்பது எனக்கு இந்த மாதங்கள்தான். ஒவ்வொரு இரவும் போன் மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அம்மா காத்திருந்தார். 2021 டிசம்பரில் போனேன். அடுத்த ஆண்டு முழுக்க இருந்தேன். யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

இதை வெற்றிக் கதையாக எழுதிவிட்டால் முகர்ஜியின் கட்டுரைக்கு நான் சொன்ன குறையை நானே செய்தவளாவேன். நான் கனடாவில் இருந்த நாட்களில் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது யார்? அண்ணி. 1,095 நாள் என்று என் விண்ணப்பத்தில் நான் பெருமையாகக் காட்டிய நாட்கள் ஒவ்வொன்றும் அண்ணியின் நாள். அவரை எந்தச் சட்டமும் எண்ணவில்லை, அண்ணனும் எண்ணவில்லை, வெகுகாலம் நானும் எண்ணவில்லை. நான் எட்டு மாதம் வந்தபோது ஊரே “மக கனடாவுலேர்ந்து வந்து பாத்துக்குது” என்றது. பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் யாரும் சொன்னதில்லை. நிரந்தர வதிவிடமா, குடியுரிமையா என்று மேசைபோட்டு விவாதிக்கும் பெண்கள் எல்லோருக்கும் பின்னால் பாஸ்போர்ட்டே இல்லாத இன்னொரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். முகர்ஜி குடும்பத்தின் கல்கத்தா வீட்டில் அது யார் என்று கட்டுரை சொல்வதில்லை.

முகர்ஜியின் சகோதரி சொன்னது நடக்கக்கூடியதுதான். இந்தியக் குடிமகளாக இருந்தவர் திரும்பி வந்து ஓராண்டு தங்கினால், பெற்ற குடியுரிமையைத் துறக்கச் சம்மதித்து, பதிவு செய்து மறுபடி இந்தியராக விண்ணப்பிக்கலாம். அம்மா போனபோது எனக்கு அந்த ஓராண்டு முடிந்திருந்தது. படிவத்தை இறக்கிப் பார்த்தேன். நிரப்பவில்லை. டொராண்டோவில் மகளுக்கு அப்போது பதினோரு வயது. அவளிடம் போய்வரும் வழியை மறுபடி இன்னொரு நாட்கணக்கிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

காரியம் முடிந்த வாரத்தில் அண்ணி ஒருநாள் மத்தியானம் என் மடிக்கணினிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக் குடு பாப்பா” என்றார். வயது 52. ஆதார் அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் கூடத்திலிருந்து, “எதுக்கு?” என்று கேட்டார். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. விண்ணப்பித்தோம். மூன்று வாரம் கழித்து விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று தாளில் குறித்துக்கொண்டு, “எந்த ஊருக்கும்மா போறீங்க?” என்று கேட்டார்.

“இன்னும் முடிவு பண்ணல” என்றார் அண்ணி.